குதிரைப்பாறைப் பள்ளியில் இரண்டாம் பெரட்டு

1954ஆம் ஆண்டு சித்திரை விடுமுறை முடிந்து, ஏப்ரல் இருபத்தாறாம் திகதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தபோது, குதிரைப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரின் வாயிலிருந்தும் பேச்சுக்குப் பதிலாகத் தப்பு மேளத்தின் சத்தம்தான் வந்தது. அன்றைக்கு மழை கிடையாது. மூடுபனி எட்டு மணிக்கே விலகிவிட்டது. அக்கரப்பத்தனை பஸ் வழக்கம்போல அரைமணி நேரம் பிந்தி வந்தது. டீச்சர் பெயர்ப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டதும், அழகன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு "டண்" என்றான். இரண்டாவதாகக் கூப்பிடப்பட்ட காளியாயி, "டண்டணக்க" என்றாள். மூன்றாவது பிள்ளைக்கு இருமல் வேறு. அவன் இருமலும் தாளம் தப்பாமல் வந்தது. நாற்பத்தொரு பெயரும் முடிந்தபோது கூரைத் தகரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்து போயிருந்தன.

சண்முகவடிவு டீச்சருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. டிக்கோயாவில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவளுக்கு முன்னால் ஐந்து வாத்தியார்கள் வந்து, ஐந்து பேரும் அட்டைக்கடி தாங்காமல் ஓடிப்போனார்கள். இவள் ஓடவில்லை. அட்டைக்கு உப்பைக் காட்டினாள், பிள்ளைகளுக்குக் கண்ணை உருட்டிக் காட்டினாள், இரண்டும் அடங்கின. விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளைப் பற்றி அவளிடம் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. முதல் நாள் புத்தகத்தைத் தொடவே கூடாது. தலையெல்லாம் கோயில் புழுதியும் வயிறெல்லாம் பலகாரமுமாக வந்து நிற்கிற பிள்ளையைப் பிடித்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் அது முழிக்காமல் என்ன செய்யும்? முதல் நாள் நகம் பார்க்க வேண்டும், பேன் பார்க்க வேண்டும், மறந்துபோன வரிசையை மறுபடி பழக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராக எழுப்பி, லீவில் என்ன செய்தீர்கள் என்று சொல்லவைக்க வேண்டும். உள்ளே கிடப்பது வெளியே வந்துவிட்டால் மறுநாள் பிள்ளை தானாக அடங்கும். அவள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாள்.

அதனால் அன்றைக்கும் சட்டப்படியே நடந்தாள். முதலில், எல்லாரும் சேர்ந்து குறும்பு பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அழகனை முன்னால் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே பல் இருந்தது, நாக்கு இருந்தது, கடைவாயில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. தப்பு ஒன்றும் இல்லை. அடிமட்டத்தை ஓங்கியதும் அவன் அழுதான். அழுகையும் டணக்கு டணக்கு என்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிமட்டத்தைக் கீழே போட்டுவிட்டு, "சரி, லீவுல என்ன செஞ்சீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முதல் பத்துப் பேர் சொன்னது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினோராவது பிள்ளை சொல்லும்போது, அதன் மாமா வீட்டு ஆடு குட்டி போட்டது என்பது எப்படியோ புரிந்தது. காளியாயி சொன்னபோது, அட்டனுக்கு பஸ்ஸில் போனதும், வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததும், இரண்டாவது தடவை பக்கத்தில் இருந்தவர் குடைக்குள் எடுத்ததும் தெளிவாகவே விளங்கின.

விஷயம் என்னவென்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, டீச்சரைத் தவிர. அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுத்தவர் அதை இறக்கிவைக்க மறுத்துவிட்டார். மூன்று நாள் திருவிழா ஒன்பது நாள் நடந்தது. தப்பு ஓயவே இல்லை. பிள்ளைகள் தப்புக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டு, தப்புக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தார்கள். பத்தாம் நாள் தப்பு நின்றபோது பிள்ளைகள் வாயில் அது தொடர்ந்தது. லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைக்குச் சளி பிடிப்பதில்லையா, அம்மை போடுவதில்லையா, அதுபோல இதுவும் ஒன்று. காளியாயியின் அம்மா அழகம்மா, கொழுந்துக் கூடையை முதுகில் போட்டபடி பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிடம் நின்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். "பயப்படாதீங்க டீச்சரம்மா. திருவிழா இன்னும் உள்ளதான் இருக்கு. தானா எறங்கிரும்." சொல்லிவிட்டு, எப்போதும்போலக் கரும்பலகையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுத்தான் மலையேறினாள்.

மனசு வெந்தவர் ஒருவர்தான். அழகனின் அப்பா, பெரிய கங்காணி வீரய்யா. கோட்டும் தலைப்பாகையும் தங்கக் கடுக்கனுமாக அன்று சாயந்தரமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தப்பு அடிக்கிறவர்கள் குடியிருக்கும் கடைசி லயத்தில் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தது கிடையாது. "எங்க பரம்பரையில யாரும் தப்ப தொட்டதில்ல, டீச்சர். ஊர்ப் புள்ளைகளுக்கு வந்தா வந்துட்டுப் போகுது. என் மகனுக்காவது ஒரு நாதஸ்வரம் வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். கேட்டபோது உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நாற்பத்தொரு பேரில் அவர் மகன் வாய்த் தப்புதான் உருட்டலிலும் சுத்தத்திலும் முதலாவது. மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் பின்னாளில் அது இறங்கிவிட்டது, அழகனுக்கு மட்டும் கடைசி வரை இறங்கவில்லை. 1963இல் அவன் அட்டன் பாதையில் பஸ் கண்டக்டரானபோது விசில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு "டண்" என்றால் பஸ் நிற்கும், "டண் டண்" என்றால் புறப்படும். பிரயாணிகள் ஒருவரும் முறைப்பாடு செய்ததில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சண்முகவடிவுக்குச் சிரிக்க நேரமில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. வரவழைத்தவர் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை. அவருக்கு உர மூட்டை அடுக்க இடம் போதவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் வருவதில்லை, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, மூடிவிட்டுக் கட்டடத்தைத் தந்தால் உரம் நனையாமல் இருக்கும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஆமாம் என்று எழுதினால் தீர்ந்தது. பத்து வயதைத் தாண்டியவர்கள் மறுநாளே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள், சின்னதுகள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்குத் திரும்பும், சண்முகவடிவு டிக்கோயாவுக்குத் திரும்புவாள். காளியாயிக்கு அடுத்த மாதம் பத்து வயது முடிகிறது.

சிலேட்டில் எழுதவைத்துச் சமாளித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளை அறியாதவர்கள். விடுமுறையில் அவர்கள் சிலேட்டுக் குச்சிகளை எல்லாம் தின்று தீர்த்திருந்தார்கள். வருடாவருடம் நடப்பதுதான். புதுக் குச்சி ஜூன் மாதம்தான் வரும். ஆக, இருந்தது வாய் ஒன்றுதான். சரி, வாயை வைத்தே பாடம் நடத்துவோம் என்று அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். பெயர் கூப்பிட்டால் ஒரு அடி. ஒன்றுக்குப் போக இரண்டு அடி. கூட்டல் கணக்கு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மூன்று அடி, நான்கு அடி, சேர்த்து அடித்தால் ஏழு, மறுக்க யாராலும் முடியாது. கூட்டலுக்குக் கல்யாணத் தப்பு வந்தது. கழித்தலுக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாவுத் தப்பாகவே வந்தது. வாசிப்பில் வல்லினத்தை ஓங்கி அடிக்கவும் மெல்லினத்தை மெல்லத் தட்டவும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை மணியடித்தபோது மூன்றாம் வகுப்பு, காகமும் நரியும் கதையை முழுசாக அடித்து முடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பளிச்சென்று வெயில். பத்து மணிக்கு அவள் நாற்பத்தொரு பேரையும் எழுப்பி, ஒரே குரலில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு பிள்ளை பேசினால் அது வெறும் தப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்து பேசினால் அது பெரட்டுத் தப்பு. தோட்டத்தில் விடிகாலை ஐந்தரைக்குப் பழனியாண்டி தப்பு அடிப்பான். அடித்ததும் எல்லாரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்து நிற்பார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, செக்ரோல் என்கிற பெயர்ப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, நீ ஆறாம் நம்பர் மலைக்கு, நீ ஒன்பதாம் நம்பருக்கு என்று பிரித்து விடுவார். தப்புக் கேட்டால் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பது தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டப்பட்ட விஷயம். இன்றைக்கு ஏன் இரண்டாம் தடவை என்று கேட்கிற வழக்கம் இல்லை. வாய்ப்பாடு பதினான்கைத் தாண்டுவதற்குள் மலை மலையாக ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். சத்தம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததால் பள்ளிக்கூட முற்றத்திலேயே வரிசையாக நின்றார்கள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அரைக்கூடை கொழுந்து முதுகில் அப்படியே இருந்தது. ஆட்கள் நிற்பதைப் பார்த்த கண்டாக்கு ஐயா, கோட்டுப் பொத்தானைப் போட்டபடி செக்ரோலோடு ஓடி வந்து பெயர் கூப்பிட்டார். ஆள் நின்றால் பெயர் கூப்பிட வேண்டும். இது அவருக்குப் புகட்டப்பட்ட விஷயம். ஆறாம் நம்பர் மலையிலிருந்து வந்தவர்களை ஒன்பதாம் நம்பருக்கும், ஒன்பதாம் நம்பர்காரர்களை ஆறுக்கும் அனுப்பிவைத்தார். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் சேர்ந்து பாட்டுப் பாடினார்கள். மூன்றாம் பெரட்டும் நடந்தது.

சாயந்தரம் கொழுந்து நிறுத்துப் பார்த்தபோது பாதிதான் இருந்தது. தொரை ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இறங்கவில்லை. முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. "டீச்சர்! பெரட்டு நம்ம குடுக்கறது. ஸ்கூல் குடுக்கறது இல்லே. இன்னும் ஒரு பெரட்டு இங்கே வந்தா, ஒடனே உரம் வரும். இன்ஸ்பெக்டர் வரைக்கும் நம்ம பாக்க மாட்டோம். வெளங்குதா?" என்றார். அவளுக்கு விளங்கியது. பிள்ளைகள் வாய் திறந்தால் தொரை மூடுவார். வாய் திறக்காவிட்டால் இன்ஸ்பெக்டர் மூடுவார். இரண்டுக்கும் நடுவில் அவள் நாற்பத்தொரு தப்புகளை வைத்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை காலை பனி இறங்கி, பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. அதிசயமாக அன்றைக்குப் பிள்ளைகளின் சத்தம் டண் என்று வராமல், நனைந்த சாக்கைத் தட்டியதுபோலப் பொத்துப் பொத்தென்று வந்தது. அந்த நேரம் பழனியாண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். முப்பது வயது ஆள். முந்திய நாளிலிருந்து அவனுக்குப் பெரிய மனத்தாங்கல். தான் அடிக்காமல் தோட்டத்தில் பெரட்டு நடந்தது இதுவே முதல் தடவை. சண்டை பிடிக்கத்தான் வந்தான். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்ததும் தொழில்காரன் புத்தி குறுக்கே வந்துவிட்டது. "மூணாவது வாங்குல அந்தச் சின்னப் பய அடி பிந்துறான் டீச்சரம்மா" என்றான். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "பனியில தோலு தொஞ்சி போச்சுங்க. தப்புன்னா நெருப்புல காட்டணும்ல? இதுங்க கன்னத்தக் காட்டினா கணீர்னு வரும்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று நினைத்தாலும், டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் போட்டு நெருப்பு மூட்டிப் பார்த்தாள். காளியாயி இரண்டு கன்னத்தையும் ஒரு நிமிடம் காய்ச்சிவிட்டு வந்து "அம்மா" என்றாள். எதிர் மலையில் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

சண்முகவடிவு உடனே நெருப்பை அணைத்தாள். இப்போது அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. கன்னம் குளிர்ந்திருக்க வேண்டும், ஒருவர் பின் ஒருவராகப் பேச வேண்டும், சேர்ந்து ஒரு சொல்லும் கூடாது. வியாழக்கிழமை முழுவதும் இந்த ஒழுங்கைத்தான் பழக்கினாள். ஆள்காட்டி விரலைத் தூக்கினால் ஒருவர், உள்ளங்கையை விரித்தால் அனைவரும் கப்சிப். வாய் பொத்த முடியாமல் தவித்தவர்களுக்கு ஈரத்துணி கொடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிள்ளைகளும் பாவம், விஷயம் தெரிந்துதான் இருந்தார்கள். விளையாட்டு நேரத்தில்கூடச் சாடை காட்டித்தான் சண்டை போட்டார்கள். தோட்டத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு அமைதியான பள்ளிக்கூட நாள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். தேயிலை ஸ்டோர் வரைக்கும் காரில் வந்து, அங்கிருந்து குடை பிடித்து ஏறி வந்ததில், காலுறைக்கு மேலே ஐந்து அட்டைகள் தொங்கின. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஃபாரத்தைத் தவிர வேறெதையும் கவனிக்கிற மனிதர் அல்ல. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வாங்கில் இருந்த பிள்ளையிடம் ஆறேழு எத்தனை என்று கேட்டார். அது எழுந்து பொத்துப் பொத்தென்று ஆரம்பித்தது. இருபதாவது தட்டுக்கு மேல் சத்தம் அவர் காதில் விழவில்லை. தப்புச் சத்தம் வந்தது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றுதான் குறைப்பட்டார். அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, எல்லாம் அதே பொத்துப் பொத்து. ஐந்தாவது பிள்ளைக்குப் பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார். "வருகிறார்கள், சரி. ஆனால் வாயைத் திறக்கவில்லையே. ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள், அது சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

சண்முகவடிவு பிள்ளைகளைப் பார்த்தாள். நாற்பத்தொரு பேரும் ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்ததை எல்லாம் அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்களாக நிற்கிற அந்த முகங்களைப் பார்த்ததும், இந்தப் பாவத்தை நானே பழக்கினேனே என்று தோன்றியது. மூடுகிறதானால் மூடட்டும், பிள்ளைகளுக்குத் தெரியாது என்று மட்டும் ஒருவர் எழுதிவிட்டுப் போகக் கூடாது. "ஐயா, அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க" என்றாள். "புள்ளைங்களா, துணியக் கீழ போடுங்க. வெளிய வாங்க." பின்னால் போய் நெருப்பை மூட்டினாள். நாற்பத்தொரு பேரும் வட்டமாக நின்று கன்னத்தைக் காய்ச்சினார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, 'தேகப்பயிற்சி: உண்டு' என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து வரிசையில் நின்றதும், சண்முகவடிவு இரண்டு கையையும் தூக்கினாள். ஏழாம் வாய்ப்பாடு, எல்லாரும், ஓங்கி.

கரும்பலகை ஆணியிலிருந்து கழன்று விழுந்தது. இன்ஸ்பெக்டரின் கண்ணாடி மூக்கில் இருந்தபடியே ஆடியது. அட்டைகள் தாங்களாகவே கழன்றன. அவர் ஒவ்வொரு வரிக்கும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்து, எழுபதில் நிறுத்தி, "சரி" என்றார். பிறகு, "இடையினம் மட்டும் கொஞ்சம் தெளிவில்லை" என்றார். அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. எல்லா மலையிலிருந்தும் கூடையும் கம்பளியுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். கண்டாக்கு ஐயா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி ஓடி வந்து செக்ரோலை விரித்தார். கீழ் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. ஜீப்புக்குப் பின்னால் லொறி, லொறி நிறைய உர மூட்டை. தொரை சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர், "இருக்கேங்க" என்றார். இன்ஸ்பெக்டர் முப்பது வருடமாகப் பள்ளிக்கூடம் பார்க்கிறவர். பள்ளிக்கூடத்து முற்றத்தில், வரிசையில் நிற்பவர்களை, புத்தகத்தைப் பார்த்து ஒருவர் பெயர் கூப்பிட, அவர்கள் இருக்கிறேன் என்று சொன்னால், அவர் அகராதியில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அவர் வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, கூப்பிடப்பட்ட ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். அழகம்மாவின் பெயர் வந்தபோது, "எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

"நான் எந்த வகுப்பும் படிச்சதில்லீங்க. ஏழு வயசுல மலைக்கு விட்டுட்டாங்க" என்றாள் அவள்.

"அப்படியானால் முதலாம் வகுப்பு" என்று எழுதிவிட்டு, "அடுத்தது" என்றார்.

தொரை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தபோது எழுதி முடிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து, தொரையின் கடிதத்தை எடுத்து விரித்து, அதையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்குப்படி முந்நூற்று ஐம்பத்துமூன்று பேர். ஒருவர்கூட லீவு இல்லை. இப்படி ஒரு வரவை நான் நுவரெலியா டவுனில்கூடப் பார்த்ததில்லை" என்றார். தொரை வாயைத் திறந்தார். இவர்கள் மாணவர்கள் அல்ல, என் ஆட்கள் என்று சொல்லத்தான் வந்தார். சொன்னால், உங்கள் ஆட்கள் வேலை நேரத்தில் ஏன் பள்ளிக்கூடத்தில் நிற்கிறார்கள், உங்கள் கண்டாக்கு ஏன் அங்கே பெயர் கூப்பிடுகிறார் என்று கேட்பார்கள். அதற்கு, பிள்ளைகள் வாயில் தப்பு அடித்தது என்று கவர்மெண்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். லொறி திரும்பிப் போனது. உரத்தைத் தொரையின் கார் கராஜில் அடுக்கினார்கள். கார் அந்த வருட மழை முழுவதும் வெளியில் நின்று, தீபாவளிக்குள் கதவிடுக்கில் புல் முளைத்துவிட்டது. சண்முகவடிவு அன்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஒற்றை ஆளாக வாங்கில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அப்புறம் கரும்பலகைக்குப் புது ஆணி அடித்தாள்.

கவர்மெண்டு பதிவேட்டில் பெயர் ஏறினால் ஏறியதுதான். அழிக்க வேண்டுமானால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும், யாரும் வரவில்லை. ஜூன் மாதம் முந்நூற்று ஐம்பத்துமூன்று பேருக்குமாகச் சிலேட்டும் குச்சியும் லொறியில் வந்து இறங்கின. ஆகவே பெரியவர்களும் படிக்க வேண்டியதாயிற்று. சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை வெளியில் அடுக்கிவைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வந்து உட்காருவார்கள். இடம் போதாதவர்கள் முற்றத்தில். பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே இருப்பார்கள். வீட்டில்தான் யாரும் இல்லையே. வகுப்பு நடத்துவது லேசாக இருக்கவில்லை. பெரியவர்கள் வெற்றிலை போட்டார்கள், ஊர்க்கதை பேசினார்கள், பாதியில் தூங்கினார்கள். பெரிய கங்காணி வீரய்யா கடைசி லயத்துக்காரர்களோடு ஒரே வாங்கில் உட்கார முடியாது என்று ஒரு வாரம் நின்றுகொண்டே படித்தார். கால் வலித்ததும் பழனியாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தென்மேற்கு மழை பிடித்ததும் பிள்ளைகளின் வாய்த் தப்பு ஒவ்வொன்றாகத் தொய்ந்து இறங்கி, அழகனைத் தவிர எல்லாருக்கும் பழைய பேச்சு வந்துவிட்டது. வந்த பேச்சைக் கேட்டபோது டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஓகஸ்டில் எல்லாருக்கும் சேர்த்து மூன்று வார விடுமுறை விட்டாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் பயந்துகொண்டுதான் பதிவேட்டைத் திறந்தாள். பிள்ளைகள் சாதாரணமாகத்தான் வந்தார்கள். மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். சாயந்தரம் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் வீரய்யா பெயரைக் கூப்பிட்டாள். தலைப்பாகையும் மீசையுமாக எழுந்து நின்ற பெரிய கங்காணி, ஆறு வயதுப் பையன் குரலில், "உள்ளேன் டீச்சர்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. விடிகாலைப் பெரட்டிலேயே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் விடுமுறையில் குரல் மாறியிருந்தது. ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் மலைக்கு விட்டார்களோ அந்த வயதுக் குரல். பழனியாண்டிக்கு எட்டு வயது. பின்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு ஐந்து. அவருக்கு 'ர' இன்னும் வரவில்லை. கீச்சுக் கீச்சென்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சண்முகவடிவு ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

அழகம்மாவின் முறை வந்தது. நாற்பது வயதானவள். கொழுந்துக் கறை படிந்த கையை உயர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ளேன் டீச்சர்" என்றது ஏழு வயதுக் குரல். கொஞ்சம் தயங்கி, "டீச்சர், எனக்குப் பின்னால இருந்தா எழுத்துத் தெரியல. நான் முன்னாடி வந்து உக்காரட்டுமா?" என்று கேட்டது.

"வா கண்ணு, வந்து உக்காரு" என்றாள் சண்முகவடிவு.

முதல் வாங்கில் இருந்த காளியாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் விட்டாள். டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.